ஸ்ரீபெரும்புதூர் முதல் சின்ன காஞ்சிபுரம் வரை: உண்மை வழக்கு ‘வெப் சீரிஸ்’ ஆவது எப்படி?

கொலை நிஜம். வழக்கு நிஜம். வசனம் மட்டும் எழுதப்பட்டது. இதில் எதை எப்படிக் காட்டலாம், யாரைக் கேட்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும்? காஞ்சிபுரம் மாவட்டத்தின் இரண்டு பெரிய வழக்குகளை வைத்து ஒரு விளக்கம்.

சோனி லிவ் தளத்தில் 2025 ஜூலை 4 அன்று வெளியானது ‘தி ஹன்ட்: தி ராஜீவ் காந்தி அசாசினேஷன் கேஸ்’. ஒரு க்ரைம் தொடருக்கு இருக்கக் கூடாத சிக்கல் அதற்கு இருந்தது. கொன்றது யார், முக்கியக் குற்றவாளி கடைசியில் என்ன ஆனார் என்பதெல்லாம் தமிழ்நாட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்பவருக்குக்கூடத் தெரியும். சஸ்பென்ஸ் இல்லாத கதையை யார் விடிய விடியப் பார்ப்பார்கள்?

ஆனாலும் பார்த்தார்கள். காரணம், ‘யார் செய்தது’ என்ற கேள்வியை அந்தத் தொடர் ஓரமாக வைத்துவிட்டு, ‘எப்படிக் கண்டுபிடித்தார்கள்’ என்ற கேள்வியைக் கையில் எடுத்தது. உண்மை வழக்கை வைத்து எடுக்கப்படும் பல தொடர்களின் அடிப்படை உத்தி இதுதான்.

அந்தக் கதை தொடங்கும் இடம் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது ஸ்ரீபெரும்புதூர், செங்கல்பட்டு-எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது. 1997-ல் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. அதே காஞ்சிபுரத்தில், 2004 செப்டம்பர் 3 அன்று இன்னொரு கொலை. வரதராஜ பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன், கோயில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கும் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

இரண்டுமே திரைக்கதைக்கு வேண்டிய எல்லாம் உள்ள வழக்குகள். ஆனால் முதல் வழக்கைத் தொடராக்குவதும் இரண்டாவதைத் தொடராக்குவதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் புரிந்தால், க்ரைம் தொடர் எப்படி உருவாகிறது என்பதும் புரிந்துவிடும்.

முதல் வேலை: கதை யாருடையது?

ஒரு சம்பவம் யாருக்கும் சொந்தமில்லை. பேப்பரில் வந்த கொலைச் செய்திக்கு யாரும் காப்புரிமை கேட்க முடியாது. ஆனால் அந்தச் சம்பவத்தைப் பற்றி ஒருவர் எழுதிய புத்தகம், அவர் எடுத்த பேட்டி, அவர் கதையைக் கோத்த விதம் ஆகியவை அவருக்குச் சொந்தம். அதனால்தான் தயாரிப்பு நிறுவனங்கள் முதலில் ஒரு புத்தகத்தைத் தேடுகின்றன.

‘தி ஹன்ட்’ தொடருக்கு அடிப்படை, பத்திரிகையாளர் அனிருத்ய மித்ரா எழுதி 2022-ல் வெளியான ‘நைன்டி டேஸ்’ என்ற ஆங்கில நூல். அப்ளாஸ் என்டர்டெயின்மென்ட் தயாரிக்க, நாகேஷ் குக்குனூர் இயக்கினார். சிறப்புப் புலனாய்வுக் குழுவின் தலைவர் டி.ஆர். கார்த்திகேயனாக அமித் சியால், புலனாய்வு அதிகாரி ரகோத்தமனாக நம்ம ஊர் ‘பக்ஸ்’ பகவதி பெருமாள், சிவராசனாக ஷஃபீக் முஸ்தஃபா.

புத்தகம் கையில் இருந்தால் இரண்டு லாபம். ஒன்று, ஆராய்ச்சியில் பாதி முடிந்துவிடுகிறது. இரண்டாவது, ‘இதை எங்கிருந்து எடுத்தீர்கள்?’ என்று நாளை கோர்ட்டில் கேட்டால் காட்டுவதற்கு ஒரு பக்க எண் இருக்கும். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. புத்தகம் யார் கண்ணால் பார்க்கிறதோ, பெரும்பாலும் தொடரும் அவர் கண்ணால்தான் பார்க்கும். புலனாய்வைப் பின்தொடர்ந்த நிருபரின் நூல் என்றால், கேமரா புலனாய்வாளர்களின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். குற்றம்சாட்டப்பட்டவரின் வீட்டில் அன்று என்ன நடந்தது என்பது ஜீப்பின் ஜன்னல் வழியாகத் தெரிகிற அளவுக்குத்தான் தெரியும்.

ரைட்டர்ஸ் ரூமில் என்ன நடக்கும்?

டிவி மெகா சீரியலும் வெப் சீரிஸும் எழுதப்படும் விதமே வேறு. சீரியலில் அடுத்த வார எபிசோட் இந்த வாரம்கூட எழுதப்படலாம். டிஆர்பி பார்த்து ஒரு கதாபாத்திரத்தைக் கொல்லலாம், கொன்றவரைத் திரும்பக் கொண்டு வரலாம். வெப் சீரிஸில் அது நடக்காது. ஏழெட்டு எபிசோடும் மொத்தமாக எழுதி முடித்த பிறகுதான் பொதுவாக ஷூட்டிங்.

அமேசான் பிரைமில் 2022 ஜூன் 17 அன்று வந்த ‘சுழல்’ நல்ல உதாரணம். எட்டு எபிசோடுகளையும் எழுதியவர்கள் புஷ்கர் – காயத்ரி. ஆனால் இயக்கியது வேறு இரண்டு பேர். முதல் நான்கு எபிசோடுகள் பிரம்மா, அடுத்த நான்கு அனுசரண். இயக்குநர் பாதியில் மாறியும் கதை பிசிறடிக்கவில்லை என்றால், ஸ்கிரிப்ட் அந்த அளவுக்கு உறுதியாக முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கற்பனைக் கதையில் எழுத்தாளர்கள் சுவரில் ஒட்டும் அட்டைகளை இஷ்டத்துக்கு மாற்றலாம். உண்மை வழக்கில் தேதிகள் மாறாது. ராஜீவ் வழக்கில் மே 21 கொலை. சில நாள்களில் சிறப்புப் புலனாய்வுக் குழு. சம்பவ இடத்திலேயே இறந்த போட்டோகிராபர் ஹரிபாபுவின் கேமராவில் இருந்த பிலிம்தான் முதல் பெரிய தடயம். ஆகஸ்ட் 20 அன்று பெங்களூரு அருகே கோணனகுண்டேயில், கமாண்டோக்கள் உள்ளே நுழைவதற்குள் சிவராசனும் உடனிருந்தவர்களும் உயிரிழந்து கிடந்தார்கள். நூலின் தலைப்பில் இருக்கும் 90 நாள் இதுதான்.

எழுத்தாளரின் வேலை, மாற்ற முடியாத இந்தத் தேதிகளுக்கு நடுவே எபிசோட் எங்கே முடிய வேண்டும் என்று முடிவு செய்வது. பிலிம் டெவலப் ஆகி முகம் தெரியும் இடத்தில் நிறுத்துவதா? ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் இடத்தில் நிறுத்துவதா? அதோடு இன்னொன்று. நிஜத்தில் ஒரு வழக்கை நூற்றுக்கணக்கானவர்கள் விசாரிப்பார்கள். திரையில் அத்தனை முகங்களை யாரும் நினைவில் வைக்க முடியாது. அதனால் நான்கு அதிகாரிகள் செய்த வேலையை ஒரே கதாபாத்திரத்துக்குக் கொடுப்பார்கள். ‘சில பாத்திரங்களும் நிகழ்வுகளும் நாடகத்தன்மைக்காகச் சேர்க்கப்பட்டவை’ என்று ஆரம்பத்தில் ஓடும் கார்டு, பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது. அதைத்தான் எல்லாரும் ‘ஸ்கிப்’ செய்கிறோம்.

ஊரைக் காட்டுவதில் உள்ள வம்பு

1991-ஐத் திரையில் கொண்டுவருவது லேசான காரியம் அல்ல. அன்றைய ஸ்ரீபெரும்புதூர் இன்று இல்லை. ராமானுஜர் பிறந்த ஊர் என்ற அடையாளத்தோடு நெடுஞ்சாலை ஓரம் இருந்த சிற்றூர் அது. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதே 1998-ல். கொலை நடந்த இடத்தில் இன்று நினைவிடம் நிற்கிறது. ஆகவே செட் போட வேண்டும். அல்லது அந்தக் காலச் சாயல் மிச்சமிருக்கும் வேறு ஊரைத் தேட வேண்டும். அம்பாசிடர் கார், எஸ்டிடி பூத், பிலிம் ரோல், வயர்லெஸ் செட், சுவர் விளம்பரம் என்று ஆர்ட் டிபார்ட்மென்ட் பட்டியல் நீளும். ஒரு ஓரத்தில் செல்போன் டவர் தெரிந்தால் போதும், அடுத்த நாள் மீம் ரெடி.

காஞ்சிபுரம் டவுன் என்றால் வம்பு இன்னும் நுணுக்கமானது. வரதராஜ பெருமாள் கோயில் இருப்பது சின்ன காஞ்சிபுரம் என்கிற விஷ்ணு காஞ்சியில். ஏகாம்பரநாதர் கோயில் இருப்பது பெரிய காஞ்சிபுரத்தில். வெளியூர் யூனிட் ஒரு கோபுரத்தை எடுத்துவிட்டு இன்னொரு கோயிலின் பெயரைச் சொன்னால் உள்ளூர்க்காரர் அந்த நிமிடமே டிவியை அணைத்துவிடுவார்.

கூட்டத்தில் நிற்கும் துணை நடிகரின் நெற்றிகூட பிரச்சினை ஆகலாம். அடி வளைந்த வடகலை நாமமா, மூக்கின் மேல் பாதம் வைத்த தென்கலை நாமமா என்பது இந்தக் கோயிலில் தலைமுறை தலைமுறையாக கோர்ட் வரை போன விவகாரம். மேக்கப் போடுபவருக்கு அது வெறும் வெள்ளைக் கோடு. பார்ப்பவருக்கு அப்படி இல்லை.

தறியும் அப்படித்தான். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைப் புடவையை நெய்ய நெசவாளர் ஒருவர் மட்டும் போதாது. கரை நாடாவைத் தள்ள பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். ஹீரோ தனியாக உட்கார்ந்து கோர்வைப் புடவை நெய்துகொண்டே போலீஸுக்கு வாக்குமூலம் கொடுப்பதுபோல சீன் வைத்தால், பிள்ளையார்பாளையத்தில் சிரிப்பார்கள்.

அனுமதியும் ஒரே மேஜையில் கிடைக்காது. கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள் கோயில்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. ஏகாம்பரநாதர், வரதராஜர் போன்ற கோயில்கள் அறநிலையத் துறையின் கீழ் வருபவை. தெருவில் எடுக்க வேண்டுமென்றால் போலீஸ், நகர நிர்வாகம். அதிலும் ‘கோயிலுக்குள்ளே கொலை’ என்று ஸ்கிரிப்டில் இருந்தால் என்ன பதில் வரும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் உண்மைக் குற்றத்தை எழுதவோ எடுக்கவோ நினைக்கும் ஒவ்வொருவரும் திரும்பிப் பார்க்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. அது பிறந்தது தமிழ்நாட்டில், ஆட்டோ சங்கர் வழக்கில்.

1980-களின் கடைசியில் சென்னையில் நடந்த ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர் கெளரி சங்கர் என்கிற ஆட்டோ சங்கர். சிறையில் இருந்தபடி சுயசரிதை எழுதினார். சில அதிகாரிகளுக்குத் தன்னோடு இருந்த தொடர்பும் அதில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. ‘நக்கீரன்’ இதழ் அதை வெளியிடப்போவதாக அறிவித்தது. சிறைத் துறைத் தலைமை அதிகாரி, வெளியிடக் கூடாது என்று கடிதம் அனுப்பினார். விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். அதற்குப் பிறகும் வாழ்ந்துகொண்டிருப்பது அந்தத் தீர்ப்பு.

அதன் சாரம் எளிது:

• ஒவ்வொருவருக்கும் தன் வாழ்க்கை, குடும்பம், திருமணம் பற்றிய விஷயங்களில் ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்று சொல்லும் உரிமை உண்டு. அனுமதி இல்லாமல் அதை வெளியிட முடியாது.

• ஆனால் ஒரு விஷயம் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொதுப் பதிவில் வந்துவிட்டால், அதை வெளியிட அனுமதி தேவையில்லை.

• இதற்கு ஒரு விதிவிலக்கு: பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரையும் அந்தச் சம்பவத்தையும் விளம்பரப்படுத்தி மீண்டும் அவமானப்படுத்தக் கூடாது.

• அரசு அதிகாரிகள் தங்கள் பணி சார்ந்த செயல்களைப் பற்றி எழுதுவதை முன்கூட்டியே தடுத்து நிறுத்த முடியாது. வெளியான பிறகு வழக்குப் போடலாம். அதிலும், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் பொய்யாக எழுதினார் என்று நிரூபிக்க வேண்டும்.

அதாவது, கோர்ட் பதிவில் இருப்பது எழுத்தாளருக்குப் பாதுகாப்பான தரை. அதைத் தாண்டி கால் வைத்தால் அவர் பொறுப்பு. 2019-ல் ஜீ5 தளத்தில் அப்பானி சரத் நடிப்பில் ‘ஆட்டோ சங்கர்’ என்ற பெயரிலேயே வெப் சீரிஸ் வந்தது. கால் நூற்றாண்டுக்கு முன்பு யாருடைய கதையை வெளியிடலாமா என்று நாடே வாதாடியதோ, அதே கதை போனில் ஓடியது.

இறந்தவர்கள் விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் இன்னொரு கதவைத் திறந்தது. முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் வாழ்க்கையை ஒட்டிய ‘தலைவி’ படத்துக்கும் ‘குயின்’ தொடருக்கும் எதிராக அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கு அது. ஒருவரின் அந்தரங்க உரிமை அவர் மரணத்தோடு முடிகிறது, நகை நிலம் போல வாரிசுக்கு இறங்காது என்று கோர்ட் சொன்னது.

அப்படின்னா எதை வேணும்னாலும் காட்டலாமா?

முடியாது. மூன்று இடங்களில் வேலி இருக்கிறது.

முதலாவது, பாதிக்கப்பட்டவரின் அடையாளம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி குற்றம். குழந்தைகள் என்றால் போக்சோ சட்டம். 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமையை வைத்து ரிச்சி மேத்தா இயக்கிய ‘டெல்லி க்ரைம்’ தொடரில் பெண்ணின் பெயர் மாற்றப்பட்டது. அந்தக் கொடுமை காட்சியாகவும் காட்டப்படவில்லை. கதை முழுக்க விசாரணையின் பக்கமே நின்றது. 2020-ல் சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி விருது அதற்குத்தான்.

இரண்டாவது, விசாரணையில் இருக்கும் வழக்கு. தீர்ப்பு வருமுன் ‘இவர்தான் கொலைகாரர்’ என்று தொடர் சொல்லிவிட்டால், சாட்சிகள் மனதையும் விசாரணையையும் அது கெடுக்கலாம். அதற்காக எல்லாவற்றுக்கும் தடை என்றும் இல்லை. இந்திராணி முகர்ஜி வழக்கு பற்றிய நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடரை நிறுத்தக் கோரி சிபிஐ போனபோது, மும்பை உயர் நீதிமன்றம் முதலில் அதைப் பார்க்க ஏற்பாடு செய்தது. விசாரணையைப் பாதிக்கும்படி எதுவும் இல்லை என்று 2024 பிப்ரவரியில் வெளியிட அனுமதித்தது.

மூன்றாவது, அவதூறு. உயிரோடு இருக்கும் ஒருவரை, பதிவில் இல்லாத குற்றத்தோடு முடிச்சுப் போட்டால் வழக்கு வரும். பெயரை மாற்றினாலும் தப்பிக்க முடியாது. பார்ப்பவருக்கு ‘இது இன்னார்தான்’ என்று தெரிந்தால், பெயர் மாற்றம் வெறும் ஒப்புக்குத்தான். அதனால்தான் இப்போது ஸ்கிரிப்ட் ஷூட்டிங்குக்குப் போகும் முன் வக்கீல் மேஜைக்குப் போகிறது. எந்தக் காட்சிக்கு எந்த ஆவணம் ஆதாரம் என்று வரிக்கு வரி குறிப்பு கேட்பார்கள்.

தியேட்டரில் முடியாதது ஓடிடியில் எப்படி?

ராஜீவ் கொலையை வைத்து ஆர்.கே. செல்வமணி 1990-களின் தொடக்கத்திலேயே ‘குற்றப்பத்திரிகை’ எடுத்தார். தணிக்கைச் சிக்கல், கோர்ட் படிக்கட்டு என்று அலைந்து படம் தியேட்டருக்கு வந்தது 2007-ல். அதே கொலையை வைத்து வந்த ஓடிடி தொடருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

காரணம், தியேட்டர் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம். ஓடிடிக்கு முன்தணிக்கை கிடையாது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, தளமே தன் தொடரை எல்லாருக்கும், 7+, 13+, 16+, வயது வந்தோருக்கு மட்டும் என்று வகைப்படுத்த வேண்டும். புகார் வந்தால் முதலில் தளம், பிறகு சுய ஒழுங்குமுறை அமைப்பு, கடைசியாக மத்திய அரசு என மூன்று படி.

வெளியே நின்ற காவலாளி போய்விட்டார் என்று சொல்லலாம். ஆனால் அவர் பார்த்த வேலை இப்போது எழுத்தாளர் தலையிலும் நிறுவனத்தின் வக்கீல் தலையிலும் விழுந்திருக்கிறது.

பதிவே தப்பா இருந்தால்?

சிக்கலான இடம் இதுதான். ‘பொதுப் பதிவில் இருப்பதைக் காட்டலாம்’ என்கிறது சட்டம். பதிவில் இருப்பதெல்லாம் முழு உண்மையா?

ராஜீவ் வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. அந்தத் தேதியில் ஒருவர் தொடர் எடுத்திருந்தால் 26 பேரையும் கொலைச் சதிகாரர்கள் என்று தைரியமாகக் காட்டியிருக்கலாம். கையில் தீர்ப்பு இருக்கிறதே. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. மூன்று பேருக்கு ஆயுள்.

அந்த நான்கு பேரில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்ற வாக்குமூலம் அவருக்கு எதிரான முக்கிய ஆதாரம். அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி வி. தியாகராஜன், 2013-ல் ஒன்றை வெளிப்படையாகச் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்றார். பிறகு உச்ச நீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். 2014-ல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று மீதி ஆறு பேரும் விடுதலை.

ஒரு வாக்கியம் எழுதப்படாமல் போனதன் எடை 31 ஆண்டு. திரைக்கதைக்கு அது ஒரு இன்டர்வல் சீன். 90 நாள் துரத்தலோடு கதையை முடித்தால் விறுவிறுப்பு இருக்கும். இந்த 31 ஆண்டு வெளியே நின்றுவிடும். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பது வெறும் கலை சார்ந்த முடிவு அல்ல. யார் பக்கத்தைச் சொல்கிறோம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

கடைசி எபிசோடில் கொலையாளி இல்லாத வழக்கு

இப்போது சின்ன காஞ்சிபுரத்துக்கு வரலாம்.

சங்கரராமன் கொலைக்குப் பின் இரண்டு மாதத்தில், 2004 நவம்பர் 11 அன்று, தீபாவளி இரவில், காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திர சரஸ்வதி ஆந்திராவின் மகபூப்நகரில் கைது செய்யப்பட்டார். நாட்டின் முக்கிய மடாதிபதி ஒருவர் கொலை வழக்கில் கைது. அடுத்த பல வாரங்கள் டிவியைத் திறந்தால் அதே செய்தி, பத்திரிகைகளில் தினம் ஒரு ‘பகீர் தகவல்’. 2005 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடக்காது என்ற வாதத்தை ஏற்று, அதே ஆண்டு அக்டோபரில் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது.

189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். அவர்களில் 83 பேர் பிறழ்சாட்சிகள் ஆனார்கள். 2013 நவம்பர் 27 அன்று புதுச்சேரி நீதிமன்றம் ஜெயேந்திரர் உட்பட 23 பேரையும் விடுதலை செய்தது. 2018 பிப்ரவரி 28 அன்று ஜெயேந்திரர் மறைந்தார்.

இதை ஸ்கிரிப்டாக யோசித்தால் முதல் ஐந்து எபிசோடு தானாக எழுதிக்கொள்ளும். கோயில், கொலை, தீபாவளி இரவுக் கைது, ஜாமீன், மாநிலம் மாறும் வழக்கு. ஆனால் கடைசி எபிசோடில் என்ன செய்வது?

சங்கரராமன் கொல்லப்பட்டார் என்பது உண்மை. யார் கொன்றது என்ற கேள்விக்கு நீதிமன்றப் பதிவில் பதில் இல்லை. எழுத்தாளர் ஒரு பதிலைக் கற்பனை செய்தால், சட்டப்படி விடுவிக்கப்பட்ட ஒருவரைத் திரையில் மறுபடி குற்றவாளி ஆக்கும் ஆபத்து இருக்கிறது. ‘எல்லாரும் நிரபராதி, வழக்கே பொய்’ என்று முடித்தால், பட்டப்பகலில் உயிரிழந்த ஒரு மனிதரின் மரணத்துக்கு யாரும் பொறுப்பில்லை என்று கைகழுவியதாகிவிடும். கொலையானவர் குடும்பத்துக்கு அது இரண்டாவது அடி.

2004-05-ல் வந்த செய்திகளை ஆதாரமாக எடுக்கலாமா என்றால், அங்கேதான் குழி. அன்றைய தலைப்புச் செய்தி பொதுப் பதிவு அல்ல. போலீஸ் வட்டாரம் சொன்னதாக வந்தது, கோர்ட்டில் நிற்காமல் போனது, சாட்சியே மறுத்தது எல்லாம் அதில் கலந்து கிடக்கிறது. அதை அப்படியே வசனமாக்கினால், கோர்ட்டில் தோற்ற குற்றச்சாட்டு ஓடிடியில் ஜெயித்துவிடும்.

நேர்மையாக எடுக்க ஒரு வழி இருக்கிறது. ‘யார் கொன்றது’ என்பதை விட்டுவிட்டு, ‘ஏன் தெரியாமலே போனது’ என்று கேட்பது. 83 பேர் ஏன் சொன்னதை மாற்றினார்கள்? முதலில் சொன்னது அழுத்தத்திலா, பிறகு மாற்றியது அழுத்தத்திலா? ஒன்பது ஆண்டு இழுத்த வழக்கு அந்தச் சாட்சிகளின் அன்றாட வாழ்க்கையை என்ன செய்தது? இந்தக் கேள்விகளுக்கு யாரையும் கொலைகாரர் ஆக்க வேண்டியதில்லை.

இல்லாத ஊரைத் தேடிப் போவது ஏன்?

இத்தனை வேலிகளையும் பார்த்த பிறகு, பேசப்பட்ட தமிழ் க்ரைம் தொடர்கள் பல ஏன் கற்பனை வழக்கைத் தேர்ந்தெடுக்கின்றன என்பது புரியும். ‘சுழல்’ நடக்கும் சாம்பலூர் வரைபடத்தில் இல்லை. ஆனால் அங்கே நடக்கும் மயானக்கொள்ளை வட தமிழகம் முழுக்க உண்மை. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகமும் ஒரு கற்பனை ஊரின் திருவிழாவுக்குள்தான் நடந்தது. ஊர் பொய், பழக்கவழக்கம் நிஜம் என்ற இந்தச் சேர்க்கை எழுத்தாளருக்குச் சுதந்திரம் தருகிறது, ஊர்க்காரருக்கும் காயமில்லை.

ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கி 2022 டிசம்பரில் வந்த ‘வதந்தி’ இன்னும் ஒரு படி மேலே போனது. கொலையான வெலோனி என்ற இளம்பெண்ணைப் பற்றி ஊரும் ஊடகமும் ஆளுக்கொரு கதை கட்டுவதே அந்தத் தொடரின் கதை. செத்துப்போனவளால் மறுத்துப் பேச முடியாது என்பதுதான் எல்லாக் கதைக்கும் வசதி. உண்மை வழக்கைத் தொடராக்கும் ஒவ்வொருவரும் சுவரில் எழுதி வைக்க வேண்டிய விஷயத்தை ஒரு கற்பனைத் தொடர் சொல்லிவிட்டது.

பார்ப்பவர் கவனிக்க நாலு விஷயம்

1. ‘உண்மைச் சம்பவம்’ என்பதும் ‘உண்மைச் சம்பவத்தின் பாதிப்பில்’ என்பதும் வேறு வேறு. இரண்டாவதில் எவ்வளவு வேண்டுமானாலும் கற்பனை இருக்கலாம்.

2. தொடர் யார் எழுதிய புத்தகத்தை வைத்து எடுக்கப்பட்டது என்று டைட்டில் கார்டில் இருக்கும். போலீஸா, நிருபரா, வக்கீலா, குடும்பத்தினரா? கதை யார் தோளில் உட்கார்ந்து போகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

3. கதை எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்க்க வேண்டும். கைதோடு முடிந்தால், தீர்ப்பு என்ன ஆனது என்று தேடிப் பார்ப்பது நல்லது. மேல்முறையீடு வரை போனால் இன்னும் நல்லது.

4. மூடிய அறைக்குள் இரண்டு பேர் பேசும் காட்சிக்கு, அந்த இரண்டு பேரில் ஒருவர் பின்னால் சாட்சி சொல்லியிருந்தால்தான் ஆதாரம் இருக்க முடியும். இல்லாவிட்டால் அது எழுத்தாளரின் ஊகம். பெரும்பாலும் அந்தக் காட்சிதான் தொடரிலேயே பிரமாதமாக இருக்கும்.

காஞ்சிபுரத்தில் இன்றும் வரதராஜர் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த அலுவலக வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் நினைவிடத்தைத் தாண்டி கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஓடுகின்றன. இரண்டு இடத்திலும் நடந்தது என்ன என்பதை அடுத்த தலைமுறை பெரும்பாலும் தீர்ப்பின் நகலைப் படித்துத் தெரிந்துகொள்ளப் போவதில்லை. போனில் ஏதோ ஒரு எபிசோடைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். அந்த எபிசோடை எழுதுகிறவர், பதிவில் இல்லாத இடத்தை இல்லை என்றே விடுவாரா, இல்லை நிரப்பிவிடுவாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.